சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்காற்பணம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இந்து வாலிபர் சங்கத்தின் ஆண்டு விழாவிலே பேச வருபவர்கள் பெரும்பாலும் சைவத்தின் பெருமையையோ நாயன்மார் சரிதத்தையோ எடுத்துக்கொள்வது வழக்கம். நான் இன்று எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் பிரதேச சபையின் செலவுக் கணக்கு. "கோயில் முற்றத்திலே கந்தோர்ப் பேச்சா?" என்று பெரியவர்கள் சிலர் எண்ணக்கூடும். ஆனால், கோயிலுக்கு வரும் ஒழுங்கை செப்பனிடப்படுவதும், இரவிலே தெருவிளக்கு எரிவதும், அன்னதானம் முடிந்தபின் குப்பை அள்ளப்படுவதும், கடைசியில் நம்மை ஏற்றுக்கொள்ளும் மயானம் துப்புரவாக இருப்பதும் உள்ளூர்ச் சபையின் வேலைகளே. திருநாவுக்கரசு சுவாமிகள் கையிலே உழவாரத்தைத் தாங்கித் திருக்கோயில் வீதிகளைச் செதுக்கிச் சுத்தம் செய்தார். வீதியைத் துப்புரவு செய்வது அவருக்குத் தொண்டாக இருந்தது. அந்தத் தொண்டுக்கென்று மக்கள் கொடுக்கும் காசு உரிய இடத்துக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது மாத்திரம் எப்படித் தொண்டாகாமற் போகும்?

நம் முன்னோர் ஒரு பழமொழி சொல்லிவைத்தார்கள்: சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்காற்பணம். வாங்கிய சரக்கின் விலையைவிட அதைச் சுமந்து வந்த கூலி மூன்று மடங்கு! இன்றைய நிருவாக நூல்கள் பக்கம் பக்கமாக விளக்குவதை இந்த ஒரு வரி சொல்லி முடிக்கிறது. ஒரு சபை மக்களுக்குச் செய்யும் வேலை சுண்டைக்காய். அந்த வேலையைச் செய்விப்பதற்கு ஆகும் கந்தோர்ச் செலவு சுமைகூலி.

உங்கள் அனுபவத்திலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். திருவிழாவுக்கென்று வாலிபர்கள் வீடு வீடாகச் சென்று பணம் சேர்க்கிறீர்கள். ஒவ்வொரு நூறு ரூபாவிலும் துண்டுப்பிரசுரத்துக்கு இருபது, ஒலிபெருக்கிக்கு முப்பது, குழுக் கூட்டத்தின் தேநீருக்கு இருபது என்று போனால், அன்னதானத்துக்கு மிஞ்சுவது முப்பதுதான். இதிலே யாரும் திருடவில்லை. எல்லாவற்றுக்கும் பற்றுச்சீட்டு இருக்கிறது. ஆயினும் பசியோடு வந்தவருடைய இலையிலே சோறு குறைந்துவிட்டது. சபைகளிலே நடப்பதும் பெரும்பாலும் இதுவே. லஞ்சத்தைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். லஞ்சமே இல்லாமல், ஒழுங்கான கணக்கோடு, காசு வழியிலேயே கரைந்துபோவதைப் பற்றிப் பேசுவதில்லை.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை முதலிலே நீக்கிவிட வேண்டும். சபையின் சம்பளச் செலவு முழுவதும் சுமைகூலி என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள். அது நியாயமன்று. விடியற்காலையிலே வீதி கூட்டுகிற சுகாதாரத் தொழிலாளியின் சம்பளம் சுமைகூலியா? அவர் செய்வதுதானே வேலை! நூல்நிலையத்தைத் திறந்து வைத்திருப்பவரும், தண்ணீர்க் குழாயைத் திருத்துபவரும் அப்படியே. கணக்கு எழுதும் இலிகிதரும் தேவையானவரே. கணக்கில்லாத சபை கரையில்லாத குளம். ஆகையால், எத்தனை பேருக்குச் சம்பளம் என்று கேட்பதோடு நின்றுவிடக் கூடாது. வேலை செய்யும் கைகள் எத்தனை, அந்தக் கைகளை மேற்பார்க்கும் கண்கள் எத்தனை, அந்தக் கண்களுக்கு அறிக்கை எழுதும் பேனாக்கள் எத்தனை என்று பிரித்துக் கேட்க வேண்டும். கந்தோரிலே நாற்காலி நிறைந்திருக்க, குப்பை வண்டியிலே ஆள் இல்லையானால், அந்தச் சபையிலே சுமைகூலி ஏறிவிட்டது என்று அறியலாம்.

இந்தச் சுமைகூலி ஏன் ஏறுகிறது? இதை ஆராய்ந்தவர் பார்க்கின்சன் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர். 1955ஆம் ஆண்டிலே இலண்டன் 'எக்கொனமிஸ்ட்' பத்திரிகையில் அவர் எழுதிய கட்டுரை உலகப் பிரசித்தி பெற்றது. பிரித்தானியக் கடற்படையின் கணக்கை அவர் எடுத்துக்காட்டினார். 1914ஆம் ஆண்டிலே 62 ஆக இருந்த பெரிய போர்க்கப்பல்கள் 1928ஆம் ஆண்டிலே 20 ஆகக் குறைந்தன. கடற்படை வீரரும் அதிகாரிகளும் 146,000 பேரிலிருந்து 100,000 பேராகக் குறைந்தார்கள். ஆனால், தலைமைக் கந்தோரில் இருந்த உத்தியோகத்தர்கள் 2,000 பேரிலிருந்து 3,569 பேராகப் பெருகினார்கள்! கப்பல் மூன்றில் ஒன்றாகியது. கந்தோர் ஒன்றே முக்கால் பங்காகியது. இதற்கு அவர் இரண்டு காரணம் கூறினார். ஓர் உத்தியோகத்தர் தமக்கு வேலை கூடிவிட்டதாக நினைத்தால், அதைத் தமக்குச் சமமான ஒருவரோடு பங்கிட விரும்புவதில்லை. தமக்குக் கீழே இருவரைக் கேட்கிறார். பின்னர் அந்த இருவரும் மேலேயிருப்பவரும் ஒருவருக்கொருவர் எழுதும் கடிதங்களே எல்லாருக்கும் போதுமான வேலையாகிவிடுகின்றன. ஒருவரும் சோம்பியிருக்கவில்லை, எல்லாரும் களைத்துத்தான் வீட்டுக்குப் போகிறார்கள். கப்பல் மாத்திரம் இல்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கண்டி நாட்டிலே பழங்காலத்தில் கம்சபை என்ற ஊர்ச்சபை இருந்தது. வாய்க்கால் வெட்டுவதும், வயல் வழக்கைத் தீர்ப்பதும் ஊரார் மரத்தடியிலே கூடிச் செய்த காரியங்கள். ஆங்கில அரசாங்கம் 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனச் சட்டத்தினாலும், 1871ஆம் ஆண்டின் கிராமச் சமூகச் சட்டத்தினாலும் அந்த முறைக்கு மீண்டும் ஓர் உருவம் கொடுத்தது. அதிலிருந்து வளர்ந்தவையே கிராமச் சங்கங்களும் பின்னர் கிராம சபைகளும். பெரியோர்களுக்கு அந்தக் காலம் நினைவிருக்கும். கிராம சபையின் வருவாய் சிறிது, அதிகாரமும் சிறிது. ஆனால், அக்கிராசனரின் வீடு எது என்று ஊரிலே எல்லாருக்கும் தெரியும்.

1980ஆம் ஆண்டின் சட்டத்தினால் அடுத்த ஆண்டிலே நாட்டின் கிராம சபைகளும் பட்டினசபைகளும் ஒழிக்கப்பட்டு, மாவட்டத்துக்கு ஒன்றாக அபிவிருத்திச் சபைகள் அமைக்கப்பட்டன. நூற்றுக்கணக்கான சிறு கந்தோர்களை மூடினால் சிக்கனம்தானே என்று தோன்றும். ஆனால், ஊரின் மதகு உடைந்தால் அதைப் பற்றி முடிவு செய்யும் இடம் மாவட்டத் தலைநகருக்குப் போய்விட்டது. ஏழை மனிதன் ஒருநாட் கூலியை விட்டுவிட்டுப் பஸ் ஏறிப் போகும் செலவு எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் எழுதப்படுவதில்லை. அதுவும் சுமைகூலிதான், சபை அதைக் கொடுக்கவில்லை, மக்கள் கொடுத்தார்கள். அந்த முறை நிலைக்கவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தினால் பிரதேச சபைகள் பிறந்தன. 1991ஆம் ஆண்டிலே அவற்றுக்கு முதற் தேர்தல் நடந்தது. நமது கலகெதரப் பகுதி தும்பனைப் பிரதேச சபைக்கு உட்பட்டது என்பதை நீங்கள் அறிவீர்கள்.

இன்று நிலைமை என்ன? ஒரே ஊருக்கு எத்தனை ஆட்சி! பிரதேச செயலகம் மத்திய அரசாங்கத்தினுடையது. பிரதேச சபை மக்கள் வாக்களித்து அமைப்பது. சபைக்கு மேலே மாகாணத்தின் உள்ளூராட்சித் திணைக்களம். கண்டி–குருநாகல் பெருவீதியிலே ஒரு குழி விழுந்தால் அது வீதி அபிவிருத்தி அதிகார சபையைச் சேரும். அதிலிருந்து பிரியும் இரண்டாந்தர வீதியிலே குழி விழுந்தால் அது மாகாண நிருவாகத்தைச் சேரும். அதற்கும் உள்ளே போகும் ஒழுங்கையிலே விழுந்தால் அது பிரதேச சபையைச் சேரும். மழைத் தண்ணீருக்கு இந்த எல்லையெல்லாம் தெரியாது. அது மூன்று வீதியிலும் ஓடிவந்து ஒரே வீட்டுக்குள் நுழைகிறது. அந்த வீட்டுக்காரர் மூன்று கந்தோருக்கு மூன்று கடிதம் எழுத வேண்டும். மூன்று கந்தோரிலும் மூன்று கோவை திறக்கப்படும்.

சபைக்குள்ளேயும் ஒரு கடிதத்தின் யாத்திரை சிறிதன்று. ஒழுங்கை மதகு இடிந்துவிட்டது என்று ஒருவர் எழுதிக்கொடுக்கிறார். கடிதம் பதியப்பட்டு, இலக்கமிடப்பட்டு, விடயத்துக்குப் பொறுப்பான இலிகிதரிடம் போகிறது. தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்து மதிப்பீடு செய்ய வேண்டும். பின்னர் அது குழுவுக்குப் போகிறது. அங்கிருந்து மாதாந்தக் கூட்டத்துக்கு வருகிறது. பணம் ஒதுக்கியிருக்கிறதா என்று பார்க்கப்படுகிறது. விலைமனுக் கோரப்படுகிறது. வேலை முடிந்தபின் மறுபடியும் மேற்பார்வை, அதன்பின் கொடுப்பனவு. இந்தப் படிகளிலே பல, களவு நுழையாமல் காப்பதற்காக வைக்கப்பட்டவை. அவற்றை ஏளனம் செய்யக் கூடாது. ஒவ்வொரு படியையும் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: இந்தப் படியை எடுத்துவிட்டால் களவோ பிழையோ உள்ளே வருமா? வருமானால் அது காவற்படி, இருக்கட்டும். வராதானால் அது வெறும் சுமைகூலி. அதை நீக்குவதே புண்ணியம்.

அடுத்தது அங்கத்தவர் தொகை. 2018ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு முன்னர் நாடெங்கும் உள்ளூர்ச் சபைகளிலே ஏறக்குறைய 4,500 அங்கத்தவர்கள் இருந்தார்கள். தேர்தல் முறை மாற்றப்பட்டு, வட்டாரமும் விகிதாசாரமும் கலந்த முறை வந்தபோது அந்தத் தொகை 8,000க்கும் மேலாக உயர்ந்தது. சபைகளின் வருவாய் இரட்டிக்கவில்லை, ஆசனங்கள் இரட்டித்தன. படியும், மண்டப வசதியும், காகிதாதிகளும் அதற்கேற்ப ஏறின. இதைக் கண்டு மக்கள் முணுமுணுத்தது இயல்பே. ஆனால், அதே திருத்தத்தினாலேதான் பெண்களுக்கு நூற்றுக்கு இருபத்தைந்து இடம் ஒதுக்கப்பட்டது. அதுவரை நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவாக இருந்த பெண் அங்கத்தவர்கள் இருபதுக்கு மேல் உயர்ந்தார்கள். தண்ணீர் சுமப்பவர் யார், குடம் எவ்வளவு பாரம் என்று அறிந்தவர் சபையிலே இருப்பது வீண்செலவா? தொகையைக் குறைக்க வேண்டுமானால் குறைக்கலாம். குறைக்கும்போது யாருடைய குரல் வெளியே போகிறது என்று பார்த்துக் குறைக்க வேண்டும்.

அங்கத்தவரே வேண்டாம், உத்தியோகத்தர் போதும் என்று சொல்பவர்களுக்கு நாட்டிலே ஒரு பரீட்சையே நடந்துவிட்டது. 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே சபைகளின் காலம் முடிந்தது. அந்த மாதம் நடக்கவிருந்த தேர்தல், பணமில்லை என்ற காரணத்தோடு தள்ளிப்போடப்பட்டது. 2025ஆம் ஆண்டு மே 6ஆந் திகதி தேர்தல் நடக்கும்வரை, இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகச் செயலாளர்களும் ஆணையாளர்களுமே சபைகளை நடத்தினார்கள். அங்கத்தவர் படி மிச்சமாயிற்று, மெய்தான். ஆனால், "எங்கள் வட்டாரத்து விளக்கு ஏன் எரியவில்லை?" என்று மக்கள் சார்பிலே எழுந்து நின்று கேட்க அந்த மண்டபத்திலே ஒருவரும் இருக்கவில்லை. தேர்தலை நடத்தாமல் விட்டது மக்களின் அடிப்படை உரிமையை மீறியது என்று 2024ஆம் ஆண்டு ஆகத்து மாதம் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேள்வி கேட்பவருக்குக் கொடுக்கும் கூலியை மிச்சம்பிடித்தால், கேள்வியும் மிச்சமாகிவிடும் என்பதே இதன் பாடம்.

அன்பர்களே, இப்பொழுது மலைநாட்டுத் தமிழர் மனத்திலே கொள்ளவேண்டிய விடயத்துக்கு வருகிறேன். 1930களின் பிற்பகுதியிலே கிராமச் சங்க வாக்குரிமை விரிவாக்கப்பட்டபோது தோட்டத் தொழிலாளர் அதற்கு வெளியே விடப்பட்டார்கள். ஐம்பது ஆண்டு கழித்து வந்த பிரதேச சபைச் சட்டத்திலும் ஒரு தடை இருந்தது. சபையின் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிட அது இடங்கொடுக்கவில்லை என்றே கந்தோர்கள் பொருள் கொண்டன. தோட்டத்து மக்கள் வாக்குப் போடலாம். தங்கள் ஆளைச் சபைக்கு அனுப்பலாம். ஆனால், அந்த ஆள் லயத்துக்கு ஒரு வழி போட்டுக் கொடுக்க முடியாது! அந்தத் தடை 2018ஆம் ஆண்டின் திருத்தத்தினாலேதான் நீங்கியது. சபைகள் பிறந்து முப்பது ஆண்டு கழித்து!

அதே காலத்திலே நுவரெலியா மாவட்டத்திலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பிரதேச சபைகள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டு இலட்சம் மக்களைச் சுமந்துகொண்டிருந்தன. நாட்டிலே பல சபைகள் அதில் ஒரு சிறு பங்கினருக்கே பணி செய்தன. அந்த இரண்டு சபைகளும் ஆறாகப் பிரிக்கப்பட்டன: நுவரெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை, அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா. கந்தோர் பெருகியது, தலைவர் நாற்காலி இரண்டுக்கு ஆறாகியது. காகிதத்திலே பார்த்தால் இது சுமைகூலியைக் கூட்டிய செயல். ஆனால், மஸ்கெலியாத் தோட்டத்து மனிதன் தன் சபையை நோக்கி நடக்கும் தூரம் குறைந்தது. ஆதலால், கந்தோர்களைக் கூட்டினால் வீண், குறைத்தால் சிக்கனம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. மக்களுக்கும் வேலைக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறைக்கும் செலவு நல்ல செலவு; கந்தோருக்கும் கந்தோருக்கும் இடையே கடிதத்தைக் கூட்டும் செலவு தீய செலவு. எந்தச் சபையையும் இந்த அளவுகோலாலேயே அளக்க வேண்டும்.

நமக்கு இதிலே என்ன பொறுப்பு என்று கேட்பீர்கள். லயத்துக்குச் செலவிடும் உரிமை சட்டத்திலே வந்துவிட்டது. ஆனால், உரிமை வேறு, பணம் வேறு. சம்பளமும், எரிபொருளும், கட்டடப் பராமரிப்பும், கூட்டச் செலவும் போன பின்பே வேலைக்கு என்று ஒரு தொகை மிஞ்சுகிறது. அது மிகச் சிறியதானால், பந்தியிலே கடைசியாக உட்கார அனுமதிக்கப்பட்டவனின் இலைக்குச் சோறு வராது. நேற்று அவனைச் சட்டம் தடுத்தது. நாளை அவனைச் சுமைகூலி தடுக்கும். கிராமத்துச் சிங்கள விவசாயிக்கும், கடைவீதி முஸ்லிம் வியாபாரிக்கும், தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளிக்கும் இதிலே நன்மையும் தீமையும் ஒன்றே. வரிப்பணத்துக்குச் சாதி சமயம் இல்லை.

நம் முன்னோர் இந்த நோய்க்கு மருந்து அறிந்திருந்தார்கள். காஞ்சிபுரத்துக்குத் தெற்கே உத்திரமேரூரிலே, முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919ஆம் 921ஆம் ஆண்டுகளிலே வெட்டிய கல்வெட்டுக்கள் இருக்கின்றன. முப்பது குடும்பு என்று ஊரைப் பிரித்து, குடவோலை முறையாலே உறுப்பினரைத் தெரிந்தெடுத்தார்கள். சம்வற்சர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர். பதவிக் காலம் 360 நாள். வாரியத்திலே இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை. அந்தச் சபை காணியுள்ள பிராமணருக்கே உரியதாக இருந்தது. பெண்களுக்கும் ஏழைகளுக்கும் அங்கே இடமில்லை. அந்தக் குறையை மறைத்துப் பழம்பெருமை பேச நான் வரவில்லை. ஆனால், ஏரிக்கு எத்தனை பேர் வேண்டும், எத்தனை நாள் வேண்டும், கணக்குக் காட்டாதவனுக்கு என்ன தண்டனை என்று கல்லிலே வெட்டி, கோயிற் சுவரிலே எல்லாரும் பார்க்க வைத்தார்களே, அந்த அறிவு நமக்கும் வேண்டும்.

இன்று கல்வெட்டு இல்லை. ஆனால் அதைவிடச் சிறந்த ஆயுதம் நம் கையிலே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உள்ளூர்ச் சபைகளையும் கட்டுப்படுத்துகிறது. எந்தப் பிரசையும் காரணம் கூறாமல், தமிழிலே எழுதி, சபையின் கணக்கைக் கேட்கலாம். பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவு தெரிவிக்க வேண்டும். கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கைகளும் மறைபொருளல்ல. ஆகவே, வாலிப அன்பர்களே, மூன்று காரியங்களை உங்களிடம் வேண்டிக்கொள்கிறேன்.

முதலாவது, சபையின் வரவுசெலவுத் திட்டத்தை ஆண்டுதோறும் பெற்று, இந்தச் சங்க மண்டபத்திலே ஒருநாள் அமர்ந்து வாசியுங்கள். ஒவ்வொரு நூறு ரூபாவிலும் வேலைக்கு எவ்வளவு, அந்த வேலையைச் செய்யும் கைகளுக்கு எவ்வளவு, கந்தோருக்கு எவ்வளவு என்று மூன்று நிரலாக எழுதுங்கள். சென்ற ஆண்டோடு ஒப்பிடுங்கள். கணிதம் படித்த பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். இதைவிட நல்ல பயிற்சி அவர்களுக்கு எது?

இரண்டாவது, ஒரு முறைப்பாட்டுப் பதிவேடு வையுங்கள். எந்த ஒழுங்கை, எந்த விளக்கு, எந்தத் திகதியிலே எழுதப்பட்டது, எந்தத் திகதியிலே வேலை முடிந்தது என்று குறியுங்கள். எழுதத் தெரியாத தாய்மாருக்குக் கடிதம் எழுதிக்கொடுங்கள். சிங்களத்திலும் எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். எந்த அலுவலுக்கு எந்தக் கந்தோர் என்று ஒரு பட்டியல் எழுதிச் சங்க வாசலிலே தொங்கவிடுங்கள். கோபமாகப் பேசும் நூறு பேரைவிட, திகதியோடு பேசும் ஒருவருக்குச் சபையிலே மதிப்பு அதிகம்.

மூன்றாவது, நம் கணக்கை முதலிலே நாம் சரியாக வைத்திருக்க வேண்டும். சங்கத்தின் நூறு ரூபாவிலே மாணவர் வகுப்புக்கு எவ்வளவு போயிற்று, பொன்னாடைக்கும் மாலைக்கும் எவ்வளவு போயிற்று என்பதை இந்த மலரின் பக்கமொன்றிலே அச்சிடுங்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியோர். கோயிற் பணத்தையும் அளந்துதான் போட வேண்டும். தன் வீட்டுக் கணக்கைக் காட்டத் தயங்காதவனே சபையின் கணக்கைத் தலைநிமிர்ந்து கேட்க முடியும்.

பெரியோர்களே, இந்தப் பிள்ளைகள் கணக்குக் கேட்கப் புறப்படும்போது "உனக்கேன் வீண்வம்பு?" என்று தடுத்துவிடாதீர்கள். அவர்களோடு நீங்களும் ஒருவராகச் சென்று சபை மண்டபத்திலே அமருங்கள். நரைத்த தலை ஒன்று கூட இருந்தால், கேள்விக்கு மரியாதையும் பதிலுக்கு நிதானமும் உண்டாகும்.